ஒலிவ் கடலுக்குப் போன நாள்

வான் ஸ்டார்ட்டில் நிற்க, ஒலிவ் மறுபடியும் இறங்கி வீட்டுக்குள் வந்தாள். முதலில் மூக்குக்கண்ணாடிக்காக வந்திருந்தாள். பிறகு குசினி ஜன்னல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்தாள். இப்போது ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று புருஷனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். போர்வை சரியாகத்தான் கிடந்தது.

"ஒலிவ், வெயில் ஏறுது," என்றார் லயனல். குரல் மெலிந்துவிட்டாலும் பஸ் சாரதியின் அதட்டல் அதில் மிச்சமிருந்தது. "கச்சான் காத்து கிளம்பினா மணலத்தான் தின்னுவீங்க. போய் ஏறு."

"நான் நிக்கிறன். எறிக்கா போகட்டும்."

"எறிக்காக்குக் கடலக் கண்டா சத்தி வரும். நீ போ."

மகள் எறிக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். கடலைக் கண்டு அவளுக்கு ஒருநாளும் சத்தி வந்ததில்லை. ஆனால் டடி இந்தப் பொய்யை ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அவளுக்கே லேசாகக் குமட்டத் தொடங்கியிருந்தது.

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டது முழுக்க லயனல்தான். மகன் மெல்றோய் கட்டாரிலிருந்து லீவில் வந்த அன்றே தொடங்கிவிட்டார். மெல்றோயும் மனைவி பிரஷாந்தியும் பிள்ளைகளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போவோம், ஹோட்டலில் தடாகம் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் கிடந்தபடி லயனல் கையை உயர்த்தி அவர்களை மறித்தார். பாசிக்குடா வேண்டாம். மாங்கேணியைத் தாண்டி ஒரு மதகு வரும், அதன் பக்கத்தால் ஒரு மணல் பாதை இறங்கும், அது முடிகிற இடத்தில் ஒரு கடல் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்.

"அங்க என்ன டடி இருக்கு?" என்று கேட்டான் மெல்றோய்.

"ஒண்டும் இல்ல. அதுக்குத்தான் போறது."

வாகரை லைனில் அவர் பஸ் ஓடிய காலத்தில் ஒருநாள் அந்த மதகடியில் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை பொழுது போக்க இறங்கி நடந்தவர், கடை இல்லாத, மீன்வாடி இல்லாத, ஒரு மனிதக் காலடிகூட இல்லாத அந்தக் கரையைக் கண்டார். வீட்டுக்கு வந்ததும் ஒலிவிடம் சொன்னார். ஒலிவ் புளியந்தீவில் பிறந்தவள். சின்ன வயதில் பெடியன்களோடு போட்டி போட்டு வாவியில் நீந்தினவள். கலியாணத்தோடு அது போயிற்று. கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள். "இவ்வளவு சனத்துக்கு முன்னால நனைஞ்ச கவுணோட நான் நிக்கிறதா?" என்பாள். ஆளில்லாத கடல் ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து லயனல் வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு நாட்டில் சண்டை வந்தது, பாதை பூட்டியது, பாதை திறந்தபோது வேலை விடவில்லை, வேலை விட்டபோது கால் விடவில்லை. ஊரையெல்லாம் ஏற்றி இறக்கினவருக்குப் பெண்டாட்டியை ஏற்றிப் போக ஒரு நாள் வாய்க்கவில்லை.

அதனால் திட்டம் பலமாக இருந்தது. ஆளில்லாத கடலில் நிழலும் இருக்காது என்று நீலத் தறப்பாளும் நடுவதற்குத் தடிகளும் எடுக்கச் சொன்னார். குடிக்க ஒரு கான் தண்ணீர், உப்பைக் கழுவ இன்னொரு கான். சோறும் கறியும் தனித்தனியாக இருக்க வேண்டும், கலந்து கட்டினால் கச்சான் வெக்கைக்குப் புளித்துவிடும். "ஒண்டுக்குப் போறதுக்கு என்ன செய்யிற?" என்று ஒலிவ் மடக்கப் பார்த்தாள். தாழம்பற்றைக்குப் பின்னால் பழைய ஜன்னல் சீலைகளைக் கட்டி ஒரு மறைப்பு என்று அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார். கரையில் போன் எடுக்காது, ஆகவே வான்காரன் வினோஜன் மதகடியில்தான் நிற்க வேண்டும், அவசரமென்றால் அவனுக்கு எடுத்தால் ஓடிப்போய்ச் சொல்வான். வானின் பின்சீற்றில் மெத்தை போட்டுத் தனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

அந்த இடம்தான் கைகூடாமல் போனது. போன கிழமை அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பாதைக் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒலிவ் அந்த நிமிஷமே தறப்பாளை மடித்து அலுமாரிக்கு மேல் ஏற்றினாள். லயனல் சண்டை பிடிக்கவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு நேரம் பட்டினி கிடந்ததும் தறப்பாள் இறங்கி வந்துவிட்டது.

"ஏறுறியா, இல்லாட்டி நான் எழும்பி வந்து ஏத்தட்டா?" என்றார் இப்போது.

ஒலிவ் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு மகளிடம், "ஏதும் எண்டா உடன வினோஜனுக்கு எடு. உடன," என்றாள். எறிக்கா ஓம் என்று தலையாட்டினாள். வான் போய்விட்டது.

வீடு திடீரென்று அமைதியானது. எறிக்கா ஊட்டிய கஞ்சியில் இரண்டு கரண்டியோடு லயனல் வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப எங்க போவாங்க?"

"ஊறணி தாண்டியிருப்பாங்க டடி."

"அவன் ஓடுற ஓட்டத்துக்குத் தன்னாமுனை."

கூரையைப் பார்த்தபடி அவர் வானை ஓட்டத் தொடங்கினார். ஏறாவூர்ச் சந்தையடியில் சனம், போர்வைக்குள் வலது கால் மெல்ல அழுந்தியது. சித்தாண்டிக் கோயிலடியில் வேகத்தைக் குறைத்தார். கிரானில் ஒரு மாடு குறுக்கே வர, மாட்டின் சொந்தக்காரனுக்கு ஒரு வசவு கிடைத்தது. எறிக்கா கொண்டக்டர் வேலையை எடுத்துக்கொண்டு, "இறங்கிற ஆக்கள் இறங்குங்க, கெதியா," என்றாள். அவர் உதடு சிரித்தது. ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆறுதலா ஓடுங்க டடி."

"ஆறுதலாத்தான் போறன்."

மாங்கேணிக்கு அவர் கொஞ்சம் முந்திப் போய்விட்டார். அங்கே காத்துக்கொண்டிருந்த நேரத்தில் வினோஜனின் அழைப்பு வந்தது. எறிக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தாள்.

"அக்கா, வந்து சேந்திட்டம். எல்லாரையும் கரையில விட்டுட்டு இப்பதான் மதகடிக்கு ஓடி வந்தன். ஐயா சொன்ன மதகு அப்பிடியே கிடக்கு."

"மம்மி என்ன செய்யிறா?"

"அவவா? சாமான் இறக்க முதல் அவ கடலுக்குள்ள இறங்கிட்டா அக்கா! கவுணோட. மெல்றோய் அண்ணன் கரையில நிண்டு வாங்க மம்மி, வாங்க மம்மி எண்டு கத்துறார். அவ கழுத்தளவு தண்ணியில மல்லாந்து கிடந்து அவரப் பார்த்துச் சிரிக்கிறா."

லயனல் சிரித்தார். சத்தம் வரவில்லை, நெஞ்சு மட்டும் குலுங்கியது. கண்ணோரத்தில் வடிந்த நீரை எறிக்கா துடைத்துவிட்டாள். இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் கண்டு வெகுகாலம்.

"நீந்த மறக்கல்ல, பார்த்தியா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு சொட்டுத் தேத்தண்ணி தா மகள்," என்றார்.

அவள் தேத்தண்ணீரை ஊற்றி, சூடு ஆற ஆற்றிக்கொண்டு வந்தபோது அவர் போயிருந்தார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. எறிக்கா கோப்பையை வைத்துவிட்டு மூக்கினருகில் விரலை வைத்துப் பார்த்தாள். கண்களை மூடிவிட்டாள். ஒரு பாட்டம் நன்றாக அழுதாள். அழுது முடிந்தபோது, தான் பயப்படவில்லை என்பது அவளுக்கே புதினமாக இருந்தது.

பிறகுதான் போனை எடுத்தாள். செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். முதலில் பெண்சாதிக்குச் சொல்ல வேண்டும். அடுத்தது வேதக் கோயிலுக்கு. துக்க மணி அடித்துவிட்டால் தெரு தானாக வந்துவிடும். வினோஜனின் பெயரில் விரலை வைத்தாள். மணி போக முதல் வெட்டிவிட்டாள். வினோஜன் மணல் பாதையால் ஓடுவான். கரையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவான். மம்மி தண்ணீருக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

அந்த முகத்தை எறிக்காவால் கெடுக்க முடியவில்லை. அவர்கள் குளித்துச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தாள். மம்மி உடனே எடு என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். செத்த தகப்பனை வீட்டில் வைத்துக்கொண்டு பெற்றவளுக்குச் சொல்லாமல் இருந்தவள் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், மம்மியே அதைச் சொன்னால்? சாகும்வரை சொன்னால்? எறிக்கா எழுந்தாள். போனை அலுமாரிக்கு மேல் தறப்பாள் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து டடிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"புள்ள, எறிக்கா!" என்று வேலிப் பொட்டு வழியால் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி. இந்தத் தெருவுக்கு ஒலிபெருக்கி கட்டத் தேவையில்லை, கேதீஸ்வரியிடம் ஒரு சொல் சொன்னால் போதும், தேத்தண்ணி ஆறுவதற்குள் வாவிக்கு அந்தப் பக்கமும் தெரிந்துவிடும். முழுகி ஈரத்தலையில் துவாய் சுற்றியிருந்தாள். பின்னேரம் பிள்ளையார் கோயிலில் அவளுடைய பொங்கல். அதற்குப் பத்து நாளாக விரதம்.

"கொஞ்சம் மோர் கொண்டந்தன். லயனல் அண்ணனுக்குக் குடு, வெக்கைக்கு நல்லம்."

"டடி நித்திரை அன்ரி."

கேதீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளை விலக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலடியில் நின்றாள். லயனலின் பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

"ஒலிவ் அக்காக்குச் சொல்லிட்டியா?"

எறிக்கா இல்லையென்று தலையாட்டினாள். "இப்பதான் கடலுக்குள்ள இறங்கியிருக்கா அன்ரி. எத்தினை வருஷத்துக்குப் பிறகு."

கேதீஸ்வரி பேசாமல் நின்ற நேரம் அந்தத் தெரு கண்டிராத நேரம். பிறகு ஒரு துவாயைச் சுருட்டி லயனலின் நாடிக்குக் கீழே வைத்து வாயை மூடினாள். கைகளை இழுத்து நெஞ்சில் மடித்தாள். "நேரம் போனா மடங்காது கா," என்றாள் மெதுவாக. எறிக்கா செபமாலையை எடுத்து விரல்களுக்குள் கோர்த்தாள். இரண்டு பேருமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள்.

"அன்ரி, உங்கட பொங்கல்? செத்த வீட்டுத் துடக்கெல்லோ வந்திடும்."

"என்ன துடக்கு? மனிசன் நித்திரை. நித்திரக்காரனத் தொட்டா துடக்கா?" என்றவள் வாசல் படலையடிக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெட்டையைக் கூப்பிட்டுத் தன் பொங்கல் பானையையும் அரிசியையும் அவளிடம் கொடுத்து, எனக்குத் தலை சுத்துது, நீ போய்ப் பொங்கு என்று அனுப்பிவிட்டு வந்தாள். எறிக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெருவுக்குப் பொய் சொல்லலாம் புள்ள," என்றாள் கேதீஸ்வரி. "பிள்ளையாருக்குச் சொல்லேலா."

அன்றைக்கென்று தெரு முழுவதும் அந்த வீட்டுக்கு வேலையோடு வந்தது. மீன்கார நிஸ்தார் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு படலையில் வந்து நின்றான். வருஷக்கணக்காக அவன் காலை வணக்கம் லயனலுக்குத்தான்.

"றைவர் ஐயாக்கு இப்ப எப்பிடி இரிக்கி? ஒரு சலாம் சொல்லிட்டுப் போறன்."

"நல்லா இருக்கார்," என்று கேதீஸ்வரி பாய்ந்து மறித்தாள். "என்ன மீன்?"

"விளை மீன். ஏன்?"

"ஒரு கிலோ நிறு."

நிஸ்தார் தராசைத் தூக்கியபடி நின்றுவிட்டான். "நேத்துத்தானே அக்கா சொன்னயள், விரதம், மீன் நாத்தமும் ஆகா, வாசலால போகாத எண்டு?"

"நிறுக்கச் சொன்னா நிறு. விசாரணை வைக்கிறாய்?"

மீனை வாங்கிக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்த அவள் கோலத்தைப் பார்த்ததும் எறிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். கேதீஸ்வரியும் சிரித்தாள். செத்த வீட்டில் இரண்டு பெண்கள் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள். லயனல் உயிரோடிருந்தால் சிரிப்பைத் தொடக்கியவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

அலுமாரிக்கு மேல் போன் அடித்தது. வினோஜனின் எண். எடுத்தால் ஒலிவின் குரல்.

"மகள், சிக்னலுக்காக மதகடிக்கு ஏறி வந்தன். அவருக்குப் போனக் குடு."

எறிக்கா கேதீஸ்வரியைப் பார்த்தாள். கேதீஸ்வரி கூரையைப் பார்த்தாள்.

"டடி நித்திரை மம்மி."

அந்தப் பக்கம் கச்சான் காற்று போனுக்குள் இரைந்தது.

"நித்திரையா?"

"ஓம் மம்மி."

மறுபடியும் காற்று மட்டும். "கஞ்சி குடிச்சாரா?"

"ரெண்டு கரண்டி."

"சரி. எழுப்பாத."

எறிக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "தண்ணி எப்பிடி மம்மி?" என்று கேட்டாள்.

"நிண்டா கால் விரல் தெரியுது மகள். அவ்வளவு தெளிவு." ஒலிவ் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உப்புத் தண்ணீராக இருக்கலாம். "நான் இன்னொருக்கா இறங்கிட்டு வாறன், என்ன."

"இறங்குங்க மம்மி."

வெயில் தாழ்ந்த பிறகு வான் வந்தது. அதற்கு முன்னால் அழைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று எறிக்கா பலதரம் போனை எடுத்தாள். வரும் வழியில் வானுக்குள் வைத்து மம்மி கேட்க வேண்டாம், வீட்டில் வைத்துச் சொல்வோம் என்று கேதீஸ்வரி சொல்லி மறித்துவிட்டாள். சொல்ல வேண்டிய வசனத்தை எறிக்கா மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஒலிவ்தான் முதலில் இறங்கினாள். முகமும் கையும் வெயிலுக்குச் சிவந்திருந்தன. "பிள்ளையளக் கொஞ்சம் வெளியில வச்சிரு," என்று பிரஷாந்தியிடம் சொல்லிவிட்டு நடந்து வந்தாள். எறிக்கா வாயைத் திறந்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள் ஒலிவ்.

எறிக்கா அவள் தோளில் முகத்தை வைத்து விம்மினாள். "நீங்க முதல் தரம் இறங்கி நிக்கக்குள்ள. வினோஜன் போன்ல சொன்னதக் கேட்டு நல்லாச் சிரிச்சவர் மம்மி. மறுகா தேத்தண்ணி கேட்டார். நான் ஊத்திட்டு வாறதுக்குள்ள... உங்களுக்கு நான் சொல்லல்ல. எடுக்கப் போய் எடுக்கல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்கட டடி பகல்ல நித்திர கொண்டு நீ கண்டிருக்கியா? ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தும் பகல்ல கண்ண மூடின மனிசனா? மூடினா பஸ் மதில்ல போய் அடிக்குமாம்."

எறிக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் இருக்கிற பொய்களில் அந்த ஒன்றைத்தான் மம்மியிடம் சொல்லக் கூடாது. அவள் அதைத்தான் தேடிப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

"போன வச்சிட்டு மதகில கொஞ்ச நேரம் இருந்தன்," என்றாள் ஒலிவ். "உடன போவம் எண்டு சொல்ல வாய் வந்தது. பிறகு இந்த மனிசன் பட்டினி கிடந்து அனுப்பின பயணமெல்லோ எண்டு நினைச்சன். திரும்பப் போய் இறங்கினன். நல்லா நீந்தினன் மகள். வாற வழியெல்லாம் பிள்ளையள் பாட்டு. நான் மறிக்கல்ல."

"கோபமா மம்மி?"

ஒலிவ் யோசித்தாள். "ஒருநாளைக்கு வரும் போல. இண்டைக்கு இல்ல."

படலையடியில் மெல்றோய்க்கு விளங்கிவிட்டது. தறப்பாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து தகப்பனின் காலடியில் விழுந்து, "டடி, டடி," என்று குழறினான். தாய் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்சம் தேறியதும், "கோயிலுக்குப் போய்ச் சொல்லு மகன். மணி அடிக்கட்டும்," என்றாள்.

அவன் போன பிறகு ஒலிவ் கட்டிலில் ஏறி, லயனலின் தலைமாட்டில் வசதியாக இருந்துகொண்டாள். அவர் நெற்றியைத் தடவினாள். கன்னத்தைத் தடவினாள். அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து என்னவோ சொல்லத் தொடங்கினாள். வாசலில் நின்ற எறிக்காவுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லி ஓரிடத்தில் ஒலிவ் தனக்குத்தானே சிரித்தாள்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒலிவ் நிமிர்ந்து கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே ஈரம் இன்னும் காயவில்லை. அவர் காதருகே, வெள்ளைத் தலையணை உறையில் கடல் மணல் உதிர்ந்தது. தட்டிவிடப் போன கேதீஸ்வரி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு ஜன்னல்களைத் திறக்கப் போனாள்.